குதிரைக்கு அரிப்பு: பாட்டிலைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

குதிரை வளர்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. நன்றாக நின்றுகொண்டிருந்த குதிரை வேலிக் கம்பத்தில் பின்புறத்தைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, இடமும் வலமுமாக ஆடி ஆடித் தேய்க்கும். முதல் நாள் பார்க்க வேடிக்கையாக இருக்கும். சில நாட்களில் வாலின் மேல்பகுதியில் முடி உடைந்து குச்சி குச்சியாக நிற்கும். அப்புறம் தோல் உரிந்து நீர் கசியும். அதற்குள் ஒருவர் ஓர் எண்ணெயைச் சொல்லியிருப்பார், இன்னொருவர் ஒரு ஷாம்புவைச் சொல்லியிருப்பார், நாமும் இரண்டையும் வாங்கிப் பூசியிருப்போம்.

சிக்கல் என்னவென்றால், அரிப்புக்குப் பின்னால் பூச்சிக்கடி ஒவ்வாமை இருக்கலாம், பேன் இருக்கலாம், குடற்புழு, பூஞ்சை, காய்ந்துபோன வியர்வை என எது வேண்டுமானாலும் இருக்கலாம். பேனுக்கான மருந்து ஒவ்வாமைக்கு உதவாது. ஒவ்வாமைக்குப் பூசும் களிம்பு புழுவை ஒன்றும் செய்யாது. அதனால் எதைப் பூசுவது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உடம்பில் எந்த இடத்தைத் தேய்க்கிறது, எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் தேய்க்கிறது, பக்கத்துக் குதிரைகளும் தேய்க்கின்றனவா, இவற்றைக் கவனித்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

தோலைப் பற்றிக் கொஞ்சம்

குதிரையின் தோல் தடிமனாகத் தெரிந்தாலும் உணர்ச்சி மிகுந்தது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் சட்டென்று துடிக்கும், பார்த்திருப்பீர்கள். தோலுக்கு அடியில் மெல்லிய தசை ஒன்று விரிந்து கிடக்கிறது. கை இல்லாத விலங்குக்கு ஈ ஓட்ட அதுதான் வழி. தோள், விலா, வயிறு ஆகிய பகுதிகளில் இது நன்றாக வேலை செய்யும். பிடரியிலும் வாலின் அடியிலும் அரிப்பு வந்தால் மரத்தையோ சுவரையோ தேடிப் போக வேண்டியதுதான்.

அரிப்பு ஒரு சுழல். ஏதோ ஒன்று தோலைத் தூண்டுகிறது, அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளிவிடுகின்றன, நரம்பு அதை அரிப்பாக மூளைக்குச் சொல்கிறது, குதிரை தேய்க்கிறது. தேய்த்ததில் தோலின் மேலடுக்கு கிழிகிறது. கிழிந்த வழியே தூசியும் பாக்டீரியாவும் நுழைகின்றன, அழற்சி கூடுகிறது, அரிப்பு இன்னும் கூடுகிறது. முதலில் கடித்த பூச்சி போய்ப் பல நாள் ஆன பிறகும் குதிரை தேய்த்துக்கொண்டே இருப்பது இதனால்தான். எனவே வேலை இரண்டு: காரணத்தை நிறுத்துவது ஒன்று, கிழிந்த தோலை ஆற விடுவது இன்னொன்று. ஒன்றை மட்டும் செய்தால் மற்றது திரும்ப இழுத்துவிடும்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். மனிதத் தோலின் பி.எச். அளவு சுமார் 5.5, அதாவது சற்றே அமிலத்தன்மை. குதிரைத் தோல் நடுநிலையான 7-ஐ ஒட்டி இருக்கும். நாம் தலைக்குப் போடும் ஷாம்பு நம் தோலுக்காகச் செய்தது. அவசரத்துக்கு ஒரு முறை போட்டால் ஒன்றும் ஆகாது. வாராவாரம் போட்டால் அரிப்பைத் தணிக்கப் போய் நாமே வறட்சியை வரவழைத்த கதையாகிவிடும்.

பிடரி, வால், அடிவயிறு: பெரும்பாலும் பூச்சிதான்

குதிரைகளுக்கு வரும் அரிப்பில் உலகமெங்கும் மிகவும் பரவலானது, கியூலிகாய்டஸ் என்ற சின்னஞ்சிறு பூச்சியின் கடிக்கு வரும் ஒவ்வாமை. நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான், கொசுவைவிடச் சிறிது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெண் பூச்சி மட்டுமே கடிக்கும். கடிக்கும்போது அது விடும் உமிழ்நீரில் உள்ள புரதங்கள்தான் பிரச்சினை. எல்லாக் குதிரைகளையும் அது கடிக்கிறது; சில குதிரைகளின் நோய் எதிர்ப்பு அமைப்பு மட்டும் அந்தப் புரதத்தை எதிரியாக எண்ணிப் பெரிய ஆர்ப்பாட்டம் செய்கிறது. அதனால்தான் ஒரே மேய்ச்சல் நிலத்தில் பத்துக் குதிரைகள் நிம்மதியாக மேய, ஒன்று மட்டும் வேலியை உடைத்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் குதிரைக்கு ஒன்றுமில்லையே என்று பூச்சியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

அடையாளம் தெளிவாக இருக்கும். பிடரிமயிர் ஒழுங்கில்லாமல் உடைந்து, சில இடங்களில் வழுக்கையாகும். வாலின் மேற்பகுதியில் முடி குட்டையாகி நிற்கும். சில பூச்சி இனங்கள் அடிவயிற்றின் நடுக்கோட்டைத் தேடிக் கடிக்கும். அங்கே சிறு பொருக்குகள் கையில் தட்டுப்படும். ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் பிடரித் தோல் தடித்து மடிப்பு மடிப்பாக, நெளிநெளியாக மாறிவிடும். குளிர்ந்த நாடுகளில் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் அடங்கும். வெப்ப நாடுகளில் பூச்சிக்கு விடுமுறையே கிடையாது, மழையை ஒட்டி ஏறி இறங்கும்.

இந்த ஒவ்வாமையின் போக்கைப் புரிந்துகொள்ள ஐஸ்லாந்துக் குதிரைகளின் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கியூலிகாய்டஸ் ஐஸ்லாந்தில் நெடுங்காலம் இல்லவே இல்லை. அங்கே அது முதன்முதலில் 2015-இல்தான் பதிவானது. அங்கே பிறந்து வளர்ந்த குதிரையை ஐரோப்பாவின் பிற நாடுகளுக்குக் கொண்டுபோனால், ஓரிரண்டு கோடைக்குள் மிகப் பல குதிரைகளுக்கு இந்த அரிப்பு வந்துவிடுகிறது. பூச்சி மிகுந்த இடங்களில் பாதிக்கு மேல். அதே இனம், ஆனால் ஐரோப்பாவிலேயே பிறந்த குட்டிகள் என்றால் பாதிப்பு மிகவும் குறைவு. பிறந்த நாள் முதல் கடி வாங்கிய உடம்பு அதோடு சமரசம் செய்துகொள்கிறது. வளர்ந்த பிறகு முதல் கடி வாங்கிய உடம்பு சண்டைக்கு நிற்கிறது. கொடுமை என்னவென்றால், ஏற்றுமதியான குதிரை ஐஸ்லாந்துக்குத் திரும்பவும் முடியாது. நோய்த் தடுப்புக்காக அந்நாடு எந்தக் குதிரையையும் உள்ளே விடுவதில்லை. மரபின் பங்கும் உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்ட குதிரையை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருப்பது நல்லது.

மருந்தைவிட இங்கே பூச்சியின் பழக்கவழக்கம் தெரிந்திருப்பதுதான் அதிகம் உதவும். கியூலிகாய்டஸ் அந்தியிலும் விடியலிலும் அதிகமாகக் கிளம்பும். காற்றில்லாத, ஈரம் மிகுந்த நேரம் அதற்குப் பிடிக்கும். பறப்பதில் படு மந்தம். சுமாரான காற்று அடித்தாலே தரையிறங்கிவிடும். ஈரச் சேற்றிலும் அழுகிய இலைச்சருகிலும் சாணக் குவியலின் ஓரத்திலும் முட்டையிடும். இதிலிருந்தே செய்ய வேண்டியது தெரிந்துவிடுகிறது. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குதிரையை லாயத்துக்குள் கொண்டுவந்து, விடிந்து நன்றாக வெயில் வந்த பிறகு வெளியே விடலாம். லாயத்தில் பெரிய மின்விசிறி ஒன்று சுற்றினால், எத்தனையோ களிம்பு செய்யாத வேலையை அது செய்யும் (ஒயரைக் குதிரைக்கு எட்டாமல் கட்டுங்கள், கடித்துப் பார்க்காத குதிரை கிடையாது). தண்ணீர்த் தொட்டி வழிந்து சேறாகும் இடத்தைச் சரிசெய்யுங்கள். மேய்ச்சலுக்கு மேடான, காற்றோட்டமான இடம் இருந்தால் அங்கே மாற்றுங்கள்.

போர்வையும் உதவும், ஆனால் சரியான போர்வையாக இருக்க வேண்டும். சாதாரண ஈ வலையின் ஓட்டை வழியே இந்தப் பூச்சி தாராளமாக நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த, கழுத்தையும் அடிவயிற்றையும் வாலின் அடியையும் மூடுகிற போர்வை வேண்டும். பூச்சி கிளம்பும் பருவத்துக்கு முன்பே போட ஆரம்பிக்க வேண்டும். அரிப்பு தொடங்கிய பிறகு போட்டால் குதிரை போர்வையோடு சேர்த்துத் தேய்த்துக் கிழித்துவிடும்.

பூச்சி விரட்டிகளில் பெர்மெத்ரின் அடங்கியவை நன்றாக வேலை செய்யும். குதிரைக்கென்று அனுமதி பெற்றதையே, லேபிளில் சொன்ன அளவிலேயே போடுங்கள். லாயத்தில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு, மீனுக்கும் அப்படியே. பூசிய குதிரையின் முதுகில் பூனை ஏறிப் படுக்க விடாதீர்கள். மிச்சத்தைக் குளத்திலும் ஓடையிலும் கொட்டாதீர்கள்.

வாலை மட்டும் தேய்த்தால்

பிடரி சுத்தமாக இருக்கிறது, வாலின் அடியை மட்டும் தேய்க்கிறது என்றால் முதலில் வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆக்ஸியூரிஸ் எக்வி என்ற ஊசிப்புழு குதிரையின் பெருங்குடலில் வாழ்கிறது. பெண் புழு ஆசனவாய் வரை ஊர்ந்து வந்து, அதைச் சுற்றியுள்ள தோலில் ஒரு பசையோடு முட்டையிடும். அந்தப் பசை காய்ந்து வெளிர் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அரிப்பைக் கிளப்புகிறது. முட்டை சாணத்தோடு கலக்காமல் வெளியில் ஒட்டிக்கிடப்பதால், வழக்கமான சாணப் பரிசோதனையில் பல நேரம் தப்பிவிடும். காலையில் அந்த இடத்தில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து மருத்துவரிடம் கொடுத்தால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார். மருந்தோடு கூட, தினமும் ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்து, துணியை அப்புறப்படுத்த வேண்டும். துடைக்காமல் விட்டால் முட்டைகள் சுவரிலும் தீவனத் தொட்டியிலும் விழுந்து, திரும்ப வாய்க்குள்ளேயே போகும். சில இடங்களில் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்துக்கு இந்தப் புழு அவ்வளவாக மசிவதில்லை. கொடுத்தும் அடங்கவில்லை என்றால் அதே மருந்தை மறுபடி மறுபடி கொடுக்காமல் மருத்துவரிடம் வேறு மருந்து கேளுங்கள்.

பெட்டைக் குதிரையின் மடிக் காம்புகளுக்கு நடுவிலும், ஆண் குதிரையின் குறியுறையிலும் அழுக்கு திரண்டு காய்ந்து கிடந்தாலும் வாலைத் தேய்க்கும். அந்த இடம் தனக்கு எட்டாது என்பதால் எட்டுகிற இடத்தைத் தேய்க்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினாலே சரியாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், இதைப் பலரும் கடைசியாகத்தான் பார்ப்பார்கள்.

பேன், கால் சொறி, பொருக்கு

பேன் குளிர்காலத்து விருந்தாளி. முடி நீண்டு அடர்ந்திருக்கும்போது அதற்குக் கொண்டாட்டம். நல்ல வெளிச்சத்தில் குதிரையை நிறுத்தி, பிடரியின் அடியிலும் வாலின் தொடக்கத்திலும் விலாவிலும் முடியை இரண்டாகப் பிரித்து, அசையாமல் சிறிது நேரம் உற்றுப் பாருங்கள். பொடுகு என்று நினைத்த ஒன்று மெல்ல நகரும். முடியின் அடியில் வெளிறிய முட்டைகள் ஒட்டியிருக்கும். தோல் செதிலைத் தின்னும் பேன் ஒரு வகை, ரத்தம் உறிஞ்சும் பேன் இன்னொரு வகை. வாய்வழி ஐவர்மெக்டின் ரத்தம் உறிஞ்சுவதைக் கொல்லும். செதில் தின்னும் பேனுக்கு அதை நம்ப முடியாது, மேலே பூசும் மருந்துதான் வேண்டும். எந்த மருந்தும் முட்டையைக் கொல்லாது என்றே வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை போட வேண்டும். கூட நிற்கும் எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். குதிரைப் பேன் மனிதர் மேல் தங்காது. அதில் பயம் வேண்டாம்.

கணுக்காலில் அடர்ந்த முடி உள்ள கனமான இனங்கள், உதாரணமாக ஷயர், கிளைட்ஸ்டேல், இரவில் காலைத் தரையில் உதைத்துக்கொண்டே இருந்தால் அது கொரியாப்டிஸ் என்ற சொறிப்பூச்சியாக இருக்கலாம். அந்த முடிக்குள் தோல் செதிலைத் தின்று வாழ்கிறது. குதிரை உடம்பை விட்டு விழுந்த பிறகும் படுக்கையில் சில வாரம் உயிரோடு இருக்கும் என்பதால் படுக்கையையும் மாற்ற வேண்டும்.

மழையில் தொடர்ந்து நனைந்த குதிரையின் முதுகிலும் பிட்டத்திலும் சின்னச் சின்ன முடிச்சுகள் வருவதுண்டு. இழுத்தால் முடிக்கற்றையோடு பொருக்கு கழன்று வரும். அடியில் தோல் ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். டெர்மடோஃபிலஸ் கொங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியாவின் வேலை இது. இதில் அரிப்பைவிட வலிதான் அதிகம். தொட்டால் குதிரை விலகும். இங்கே எண்ணெய் பூசினால் காரியம் கெட்டது. ஈரத்தை உள்ளேயே மூடிவைப்பதுபோல் ஆகிவிடும். காய்ந்த இடத்தில் நிறுத்தி, பொருக்கை ஊறவைத்து, தானாகக் கழல்வதை மட்டும் எடுத்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் கழுவி, முழுக்கக் காய விட வேண்டும்.

வட்டவட்டமாக முடி கொட்டி, சாம்பல் நிறச் செதில் தெரிந்தால் படர்தாமரை. இதில் அரிப்பு பெரிதாக இருக்காது, ஆனால் பிரஷ், சேணத்துணி, வயிற்றுப்பட்டை வழியே லாயம் முழுக்கப் பரவும், நமக்கும் தொற்றும். கையுறை போடுங்கள், அந்தக் குதிரையின் சாமான்களைத் தனியே வையுங்கள். திடீரென்று உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக வீங்கினால் அது வேறு விவகாரம்: ஒவ்வாமைத் தடிப்பு. மருந்து, ஊசி, பூச்சிக்கடி, தீவனம், படுக்கை என எதுவும் காரணமாகலாம். கூடவே முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

தணிப்பது எப்படி

காரணம் தேடுகிற வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். இன்றைக்கு இரவு குதிரை தேய்க்காமல் இருக்க என்ன செய்யலாம்? முதலில் குளிர்ந்த தண்ணீர். செலவில்லாத மருந்து அதுதான். அரிக்கும் இடத்தில் சில நிமிடம் மெதுவாகத் தண்ணீர் ஓடவிட்டால் வீக்கமும் அரிப்பும் சற்று அடங்கும். சவாரிக்குப் பிறகும் இப்படியே செய்யலாம். குதிரை வியர்வையில் உப்பு அதிகம். லாதரின் என்ற, சோப்புப் போல நுரைக்கும் புரதமும் உண்டு. ஓடிய குதிரையின் கழுத்திலும் தொடையிடுக்கிலும் வெள்ளை நுரை தெரிவது அதனால்தான். அது சேணத்தின் அடியில் காய்ந்து படிந்தால், நல்ல தோலும் அரிக்கத் தொடங்கும்.

மருந்து ஷாம்பு போடுவதில் பலரும் விடும் தவறு நேரம். குளோர்ஹெக்சிடின் ஷாம்புவைப் பூசி உடனே கழுவினால் பயனில்லை. முதலில் தண்ணீரால் தூசியைக் கழுவி, ஷாம்புவைத் தோல்வரை போகும்படி விரலால் தேய்த்து, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். பத்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது, கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு நுரை நின்று, வடியும் தண்ணீர் தெளிவாகும்வரை அலச வேண்டும். மிச்சமாகும் ஷாம்புவே அடுத்த அரிப்புக்கு வித்து. நீர்வழிப்பானால் தண்ணீரை வழித்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் காய விடுங்கள். ஈரம் காயுமுன் போர்வை போடக்கூடாது. தொற்று எதுவும் இல்லாத வறண்ட அரிப்புக்கு, நைசாக அரைத்த ஓட்ஸ் கலந்த ஷாம்பு இதம் தரும். ஆனால் அந்த இதம் ஓரிரு நாளுக்குத்தான்.

பூசக்கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் இரண்டும் தோலைப் பொசுக்கும், தோல் வழியே உள்ளேயும் போகும். இன்றும் சிலர் இவற்றைப் பரிந்துரைப்பது எனக்குப் புரியவே இல்லை. நீர்க்காத டீ ட்ரீ எண்ணெய், திறந்த புண்ணில் வினிகர், இவையும் வேண்டாம். எந்தப் புதுப் பொருளானாலும் கழுத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் பூசி ஒரு நாள் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். ஒவ்வாமை உள்ள குதிரைக்கு இன்னொரு ஒவ்வாமை வர அதிக நேரம் ஆகாது.

மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது

முடியின் மேற்புறத்தில் செதில்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அவை படிந்து கிடந்து, மேலே தோல் சுரக்கும் எண்ணெய் மெல்லிய படலமாக இருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பி, மேனி பளபளக்கிறது. செதில் தூக்கி நின்றால் ஒளி சிதறி மங்குகிறது. மினுமினுப்பு ஸ்பிரே செய்வது இந்தச் செதில்களைச் சிலிகானால் மூடுவதுதான். கண்காட்சிக்குச் சரி, முடிக்கு அதனால் ஒரு சத்தும் இல்லை. சேணம் வைக்கும் இடத்தில் அடித்தால் சேணம் வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்தத் தோல் எண்ணெயை முடியின் நுனிவரை கொண்டுபோவது பிரஷ். ரப்பர் சீப்பால் வட்டமாகத் தேய்த்து அழுக்கையும் செத்த முடியையும் மேலே கொண்டுவந்து, கெட்டி பிரஷால் தட்டி எடுத்து, கடைசியில் மென்மையான பிரஷால் முடி படியும் திசையில் நீளமாக இழுக்க வேண்டும். அடிக்கடி ஷாம்பு போட்டால் இந்த எண்ணெயே போய்விடும். தினம் ஒரு கால்மணி நேரம் பிரஷ் பிடிக்கிற கை, மாதம் நான்கு ஷாம்புவைவிட மேல்.

முடி வளர்வதையும் உதிர்வதையும் முக்கியமாக இயக்குவது பகல்பொழுதின் நீளம். குளிர்ச்சிக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் இரண்டாம் பங்குதான். இரவு நீளும்போது மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் கூடுகிறது, பகல் நீளும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுகிறது. அதற்கேற்ப முடி மாறுகிறது. வட அரைக்கோளத்தில் ஜூன் 21 தாண்டி, வெயில் கொளுத்தும்போதே குளிர்கால முடிக்கான ஏற்பாடு உள்ளே தொடங்கிவிடும். டிசம்பர் 21 தாண்டி, கடும் குளிரிலேயே உதிர்வதற்கான கணக்கு ஆரம்பம். லாயத்தில் விளக்கு வைத்துப் பகலை 16 மணி நேரமாக நீட்டினால் குதிரை முன்கூட்டியே முடி உதிர்ப்பது இதனால்தான். ஆக, இன்று கண்ணில் படும் முடி சில மாதங்களுக்கு முன் தின்ற தீவனத்தில் உருவானது. தீவனத்தை மாற்றிவிட்டு அடுத்த வாரமே பளபளப்பைத் தேடாதீர்கள். குறைந்தது இரண்டு மாதம், சரியான கணக்குக்கு அடுத்த முடி மாற்றம்வரை பொறுக்க வேண்டும்.

தீவனத்தில் அடிப்படை புல்தான். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர் எடைக்குப் புல் வேண்டும். 500 கிலோ குதிரைக்கு நாளைக்கு 7.5 முதல் 10 கிலோ. முடியின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம் என்பதால், புரதம் குறைந்தால் முதலில் முடிதான் காட்டிக்கொடுக்கும். அடுத்து தாமிரமும் துத்தநாகமும். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் வெளியிட்ட அளவுப்படி, வேலை செய்யாத 500 கிலோ குதிரைக்கு நாளைக்குத் தாமிரம் 100 மி.கி., துத்தநாகம் 400 மி.கி., செலினியம் 1 மி.கி. தேவை. முடிக்கு நிறம் தரும் மெலனின் உருவாகத் தாமிரம் வேண்டும். கறுப்புக் குதிரையின் முடி நுனி செம்பழுப்பாக வெளிறினால் தாமிரக் குறைவையும் யோசிக்கலாம். ஆனால் வெயிலும் வியர்வையும்கூட அதையே செய்யும், அதனால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. செலினியத்தில் தாராளம் ஆபத்து. தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. அதிகமானால் பிடரியும் வாலும் கொட்டும், குளம்பு வெடிக்கும். செலினியம் கலந்த இரண்டு சத்துப்பொடிகளைச் சேர்த்துக் கொடுப்பவர்கள் டப்பாவின் பின்புறத்தை ஒரு முறை படிக்கட்டும்.

ஆளிவிதையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அரிப்பு, மினுமினுப்பு இரண்டிலும் அதன் பெயர் அடிபடுகிறது. பச்சைப் புல்லில் ஒமேகா-3 கொழுப்பு உண்டு. காய்ந்த புல்லில் அது வெகுவாகக் குறைந்துவிடும். தானியத்தில் பெரும்பாலும் ஒமேகா-6 தான். ஆளிவிதை அந்தக் குறையை நிரப்புகிறது. கனடாவில் செய்து 2002-இல் வெளியான ஆய்வொன்றில், கியூலிகாய்டஸ் ஒவ்வாமை உள்ள ஆறு குதிரைகளுக்கு, 42 நாள் நடந்த சோதனையில் ஆளிவிதை கொடுத்தபோது, தோலில் செய்த ஒவ்வாமைச் சோதனையின் தடிப்பு குறைந்தது. ஆறே குதிரைகள், அதுவும் ஊசிச் சோதனையில். இதை வைத்து ஆளிவிதை அரிப்பைக் குணமாக்கும் என்று சொல்ல முடியாது. கொடுத்துப் பார்க்க ஒரு நல்ல காரணம், அவ்வளவுதான். கொடுப்பதானால் அவ்வப்போது புதிதாக அரைத்து, சிறிதளவில் தொடங்கி, நாளைக்கு 100 முதல் 200 கிராம்வரை ஏற்றலாம். அரைத்து வைத்தால் சீக்கிரம் காறிவிடும். வேகவைக்காமல் தண்ணீரில் ஊறப்போட்டு வைப்பது தவறு; ஊறும்போது சயனைடு உருவாக இடமுண்டு. ஏற்கெனவே கொழுத்த குதிரைக்கு எண்ணெயும் விதையும் கூடுதல் சதையைத்தான் தரும், அதன் பின்னாலேயே குளம்பழற்சி வரும்.

நல்ல தீவனம் கொடுத்தும் மேனி மங்கி, உடம்பும் இளைக்கிறது என்றால் சத்துப்பொடியை நிறுத்தி வைத்துவிட்டு, பல்லையும் சாணத்தில் புழு முட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். 15 வயதைத் தாண்டிய குதிரை, எல்லாக் குதிரைகளும் முடி உதிர்த்த பிறகும் நீண்ட, சுருண்ட முடியோடு நின்றால் அது கிழட்டுத்தனம் என்று விட்டுவிடக்கூடாது. பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு ஒன்று இப்படித்தான் வெளியே தெரியும். ரத்தத்தில் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பெர்கோலைடு மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம். விட்டால் குளம்பழற்சியில் போய் முடியும்.

மருத்துவரிடம் போகும்போது

தோல் உரிந்து கசிந்தாலோ, சீழ் வைத்தாலோ, குதிரை தீவனத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பதிலேயே நின்றாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். அரிப்பு தொடங்கிய மாதம், தேய்க்கும் நேரம், கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த நாள், என்னென்ன பூசினீர்கள் என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். போகும் முன் குதிரையைக் குளிப்பாட்டிப் பளிச்சென்று நிறுத்த வேண்டாம். பொருக்கும் செதிலும்தான் மருத்துவருக்குத் தேவை. ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை செய்து நீளமான பட்டியல் தருவார்கள். அதில் பாதி அந்தக் குதிரையின் அரிப்புக்குத் தொடர்பே இல்லாததாக இருக்கலாம். தீவன ஒவ்வாமை அரிது. சந்தேகம் இருந்தால் சில வாரம் அந்தத் தீவனத்தை நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

செட்டிரிசின், ஹைட்ராக்சிசின் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் சில குதிரைகளுக்குக் கேட்கும், சிலவற்றுக்குத் துளியும் கேட்காது. டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் ஆகிய ஸ்டீராய்டுகள் அரிப்பை வேகமாக அடக்கும். ஆனால் குளம்பழற்சி வந்த குதிரைக்கும், கொழுத்த குதிரைக்கும் அவை ஆபத்தாகலாம். பழைய சீட்டைக் காட்டி நாமே வாங்கி ஊசி போடுவது கூடவே கூடாது. போட்டியில் ஓடும் குதிரை என்றால் போட்டித் தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்வதேசக் குதிரை விளையாட்டுக் கூட்டமைப்பின் (எஃப்.இ.ஐ.) விதிப்படி இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். உடம்பைவிட்டு வெளியேற எத்தனை நாள் ஆகும் என்பதைக் கணக்கிட்டுத்தான் மருத்துவர் எழுதுவார்.